மண்ணுக்குள் மண் குழாய்: ஊரே சிரித்த ஜான் ஜான்ஸ்டன், அமெரிக்க விவசாயத்தை மாற்றியது எப்படி?

அமெரிக்காவில் இன்று 5 கோடி ஏக்கருக்கும் அதிகமான விளைநிலத்துக்கு அடியில் குழாய் ஓடுகிறது. அது பாசனக் குழாய் இல்லை. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது அதன் வேலையே கிடையாது. வயலில் தேங்கும் தண்ணீரை வெளியே அனுப்பும் வடிகால் குழாய் அது. மேலே மக்காச்சோளமும் சோயாவும் பச்சைப்பசேல் என்று நிற்கும். கீழே இரண்டு, மூன்று அடி ஆழத்தில் சத்தமில்லாமல் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்.

இந்தக் கதை ஒரே ஒரு பண்ணையில், ஒரே ஒரு ஆளிடம் இருந்து தொடங்கியது. அவர் பெயர் ஜான் ஜான்ஸ்டன். பட்டம் வாங்கிய விஞ்ஞானி இல்லை, என்ஜினீயரும் இல்லை. ஸ்காட்லாந்தில் இருந்து பிழைக்க வந்த விவசாயி. அமெரிக்காவில் குழாய் வடிகாலின் தந்தை என்று இன்று வேளாண் வரலாறு அவரைத்தான் சொல்கிறது. ஆனால், அவர் வேலையைத் தொடங்கியபோது அக்கம்பக்கத்தில் கிடைத்தது சிரிப்பு மட்டும்தான்.

யார் இந்த ஜான்ஸ்டன்?

ஜான்ஸ்டன் பிறந்தது 1791-ல், ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் உள்ள நியூ காலோவே பகுதியில். மழைக்கும் ஈரத்துக்கும் பஞ்சமில்லாத ஊர். வயலில் இருந்து தண்ணீரை வெளியேற்றினால்தான் அங்கே விவசாயமே நடக்கும். சிறு வயதில் அவரை வளர்த்த தாத்தாவிடம் இருந்து அவர் கற்றுக்கொண்ட முக்கியமான பாடமும் அதுதான்: எந்த நிலமாக இருந்தாலும் முதலில் தண்ணீர் வடிய வழி செய்.

1821-ல், 30 வயதில், அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்கா வந்தார். நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பக்கம், செனிகா ஏரியின் கிழக்குக் கரையில் 112 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கினார். எதிர்க்கரையில் இருப்பது ஜெனீவா என்ற சிறு நகரம். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா இல்லை, இது வேறு.

அந்த வட்டாரத்துக்கு அப்போது நல்ல காலம் பிறந்துகொண்டிருந்தது. 1825-ல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டது. இங்கே விளையும் கோதுமை படகில் ஏறி நியூயார்க் நகரம் வரை போகும் என்ற நிலை வந்தது. விளைய வைத்தால் விற்கச் சந்தை தயார். சிக்கல் விளைய வைப்பதில்தான் இருந்தது.

பார்த்தால் நல்ல மண், ஆனால்...

ஜான்ஸ்டன் வாங்கியது சதுப்பு நிலம் இல்லை. சதுப்பாக இருந்திருந்தால் வாங்கும் முன்பே தெரிந்திருக்கும். கோடையில் போய்ப் பார்த்தால் மேல்மண் நன்றாகவே இருக்கும். காலில் சேறு ஒட்டாது. ஏர் ஓடும். இப்படிப்பட்ட மண்ணின் ஏமாற்று வேலையே இதுதான்.

குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் அதன் சுயரூபம் தெரியும். பனி உருகும், மழை பெய்யும். தண்ணீர் கீழே இறங்கப் பார்க்கும். ஒன்றிரண்டு அடி இறங்கியதும் அப்படியே நின்றுவிடும். மேலே பார்த்தால் தண்ணீர் தெரியாது. ஒரு முழம் தோண்டினால் குழி தானாக நிரம்பும். அடியில் துளை இல்லாத பூந்தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதேதான்.

கோதுமைக்கு இது பெரிய அடி. அந்த ஊரில் கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைப்பார்கள். பயிர் பனிக்காலம் முழுவதும் மண்ணில் கிடந்து, வசந்தத்தில் எழுந்து வளர வேண்டும். மேல்மண் தண்ணீரில் ஊறிக் கிடக்கும்போது கடுங்குளிர் அடித்தால் அந்தத் தண்ணீர் உறைந்து உப்பும். உப்பும்போது பயிரையும் சேர்த்து மேலே தூக்கும், வேர் அறுபடும். பிறகு பனி உருகி மண் இறங்கிவிடும். ஆனால் பயிர் இறங்காது, வேர் வெளியே தெரிய அப்படியே காய்ந்து சாகும்.

பிழைத்த பயிருக்கும் நிம்மதி இல்லை. தண்ணீர் நிரம்பிய மண்ணில் காற்று இருக்காது. காற்று இல்லாத இடத்தில் வேர் இறங்காது. போதாக்குறைக்கு, ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாக்கள் மண்ணில் உள்ள நைட்ரேட்டில் இருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பயிருக்குப் போக வேண்டிய நைட்ரஜன் வாயுவாகிப் பறந்துவிடும். எரு போட்டும் பயிர் மஞ்சளாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பனிப்பாறை விட்டுப்போன மண்

அடியில் தண்ணீரைத் தடுப்பது எது? அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

கடைசிப் பனி யுகத்தில் கனடாவில் இருந்து இறங்கிய மிகப் பெரிய பனித்தகடு இந்தப் பகுதி முழுவதையும் மூடியிருந்தது. அதன் கனம் பல இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். நகர்ந்து வந்த பனி வழியில் கிடந்த பாறைகளைச் சுரண்டியது, உடைத்தது, அரைத்தது. செனிகா உட்பட விரல்கள்போல நீண்டு கிடக்கும் ஏரிகளின் பள்ளத்தாக்குகளை ஆழமாகக் குடைந்ததும் அதே பனிதான். செனிகா ஏரியின் ஆழம் மட்டுமே சுமார் 188 மீட்டர்.

அரைத்த எல்லாவற்றையும் பனி தனக்கு அடியிலேயே அப்பிவிட்டுப் போனது. களிமண், வண்டல், மணல், கூழாங்கல், ஆள் உயரப் பாறை எல்லாம் ஒரே கலவையாக. ஆறு கொண்டுவந்து போடும் மண்ணில் ஓர் ஒழுங்கு இருக்கும், கனமானது ஓரிடத்தில் படியும், நுண்ணியது வேறிடத்தில் படியும். பனி போடும் மண்ணில் அந்தத் தரம்பிரிப்பு கிடையாது. இந்தக் கலவைக்குப் பெயர் டில். இது ஸ்காட்லாந்து விவசாயிகளின் பேச்சு வழக்கில் இருந்து புவியியலுக்குள் நுழைந்த சொல்.

பனியின் பாரம் ஏறி உட்கார்ந்ததால் டில் இறுகிப்போனது. மேலே இருக்கும் ஒன்றிரண்டு அடி மட்டும் வேர், புழு, உறைபனி எல்லாம் புகுந்து காலப்போக்கில் பொலபொலப்பாக மாறியது. அதற்குக் கீழே இருப்பது கிட்டத்தட்டத் தளம் போட்டது மாதிரி. மழைநீர் அங்கே போய் முட்டி நிற்கும். உண்மையான நிலத்தடி நீர் இன்னும் ஆழத்தில் இருக்க, அதற்கு மேலே தனியாக ஒரு தண்ணீர் அடுக்கு தொங்கிக்கொண்டிருக்கும்.

இது எதுவும் ஜான்ஸ்டனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஒரு காலத்தில் பனி பூமியின் பெரும்பகுதியை மூடியிருந்தது என்று லூயி அகாசி என்ற விஞ்ஞானி சுவிட்சர்லாந்தில் அறிவித்ததே 1837-ல்தான். அப்போது ஜான்ஸ்டன் அந்த மண்ணோடு 16 ஆண்டுகள் மல்லுக்கட்டி முடித்திருந்தார். காரணம் தெரியாவிட்டாலும், மருந்து எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

துருப் புள்ளி சொல்லும் சேதி

இந்த மாதிரி மண்ணை இன்று எப்படி அடையாளம் காண்கிறார்கள்? மண்ணின் நிறத்தை வைத்து.

மண்ணில் இரும்பு இருக்கும். காற்று கிடைக்கும்போது அது துருப்பிடித்துப் பழுப்பாகவோ செம்மஞ்சளாகவோ தெரியும். தண்ணீர் நிரம்பிக் காற்று தீர்ந்துபோனால், நுண்ணுயிர்களின் வேலையால் இரும்பு கரைந்து நகர்ந்துவிடும். அந்த இடம் சாம்பல் நிறமாகும். ஆண்டுதோறும் சில மாதம் தண்ணீர், சில மாதம் காற்று என்று மாறி மாறி வந்தால், சாம்பல் திட்டும் துருப் புள்ளியும் கலந்த மண்ணாக மாறும். கோடையில் காய்ந்து கிடக்கும்போது தோண்டினாலும் வசந்தத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை இந்தப் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

நீர் எவ்வளவு நன்றாக வடிகிறது என்பதை வைத்து அமெரிக்க மண் ஆய்வாளர்கள் மண்ணை 7 வகையாகப் பிரிக்கிறார்கள். ஒரு முனையில் ஊற்றிய வேகத்தில் வடிந்துவிடும் மண். மறுமுனையில் எப்போதும் தண்ணீர் நிற்கும் மண். நன்றாக வடிவதற்கும் மோசமாக வடிவதற்கும் நடுவில் ஓரளவு மோசமாக வடியும் மண் என்று ஒரு வகை இருக்கிறது. நியூயார்க்கின் ஏரிப் பகுதியில் டில் மேல் உருவான கெண்டேயா, டேரியன், ஓவிட் ஆகிய மண் வகைகள் இதில் வரும்.

ஒரே டில், ஒரே மழை. மேட்டில் இருப்பது நன்றாக வடியும் ஹனியோய் மண், சற்றுக் கீழே லைமா, அதற்கும் கீழே கெண்டேயா, பள்ளத்தில் லயன்ஸ். சில அடி உயர வித்தியாசம்தான் ஒரு விவசாயியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

1835: கப்பலில் வந்த மாதிரி ஓடு

ஜான்ஸ்டனின் பண்ணையில் கோதுமை விளைச்சல் ஏக்கருக்கு சுமார் 12 புஷெல். ஒரு புஷெல் கோதுமை ஏறக்குறைய 27 கிலோ. அதாவது ஏக்கருக்கு 330 கிலோகூட இல்லை. விதைக்கு எடுத்து வைத்து, கூலி கொடுத்து, மிச்சத்தை விற்றால் கையில் என்ன நிற்கும்?

1835-ல் ஸ்காட்லாந்தில் இருந்து வடிகால் ஓட்டின் மாதிரிகளை வரவழைத்தார். சுட்ட மண்ணால் செய்து வயலுக்கு அடியில் வரிசையாகப் பதிக்கும் ஓடு அது. பிரிட்டனில் அந்தத் தொழில்நுட்பம் சூடுபிடித்திருந்த நேரம். ஸ்காட்லாந்தின் டீன்ஸ்டன் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித், வயல் முழுவதும் வரிசை வரிசையாக வடிகால் அமைக்கும் முறையைச் செய்து காட்டி, 1831-ல் அதைப் பற்றி நூலே வெளியிட்டிருந்தார்.

மாதிரி வந்துவிட்டது. அமெரிக்காவில் செய்து தர யார் இருக்கிறார்கள்? பக்கத்து வாட்டர்லூ ஊரில் பெஞ்சமின் வார்டன்பி என்பவர் முன்வந்தார். 1838-ல் ஓடுகளை ஒவ்வொன்றாகக் கையால் செய்து, சுட்டுக் கொடுத்தார். ஜான்ஸ்டன் ஆட்களை வைத்துக் கால்வாய் தோண்டி, அவற்றை வரிசையாகப் படுக்க வைத்து, மண் போட்டு மூடினார்.

ஊர்க்காரர்கள் பார்வையில் எப்படி இருந்திருக்கும்? காசு கொடுத்து மண்பாண்டம் வாங்கி, கூலி கொடுத்துக் குழி வெட்டி, அதில் போட்டுப் புதைக்கிறார் ஒருவர். ஜான்ஸ்டனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேச்சு பரவியது. சொத்தையெல்லாம் மண்ணுக்குள் கொட்டுகிறார் என்றார்கள். அவர்கள் பேசியதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஓட்டுக்கும் கூலிக்கும் கொடுக்கும் பணம் இன்றே கையை விட்டுப் போகிறது. பலன் வருமா வராதா என்பது அடுத்த அறுவடையில்தான் தெரியும். வராவிட்டால், புதைத்ததைத் தோண்டி எடுத்து விற்கவும் முடியாது.

குழாய் அப்படி என்ன செய்தது?

இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஓடுகளை ஒட்டாமல், ஒன்றின் முனையில் இன்னொன்றைச் சேர்த்து வைப்பார்கள். இணைப்பில் இருக்கும் சிறு இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே கசியும். மெல்லிய சரிவு இருந்தால் போதும், அது தானாக ஓடி வயலின் ஓரத்தில் உள்ள ஓடையில் விழும்.

மண் வறண்டுவிடாதா என்ற சந்தேகம் வரலாம். வராது. மண்ணின் நுண்துளைகள் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தைக் குழாயால் எடுக்க முடியாது. பெரிய துளைகளில் நிற்கும் உபரித் தண்ணீர் மட்டும்தான் வடியும். அது போன இடத்தில் காற்று வரும், வேர் ஆழமாக இறங்கும். வசந்தத்தில் மண் சீக்கிரம் சூடாகும், உழவும் விதைப்பும் முன்கூட்டியே முடியும். வேர் ஆழமாக இருப்பதால் கோடையில் மழை பொய்த்தாலும் பயிர் தாக்குப்பிடிக்கும். தண்ணீரை வெளியேற்றிய வயல்தான் வறட்சியை நன்றாகத் தாங்கும் என்பது கேட்க விநோதமாக இருந்தாலும் உண்மை.

ஜான்ஸ்டனின் கோதுமை ஏக்கருக்கு 12 புஷெலில் இருந்து 60 புஷெல் வரை உயர்ந்தது என்கின்றன பதிவுகள். அத்தனையும் குழாயால் மட்டுமே வந்தது என்று சொல்லிவிட முடியாது. அவர் ஆடு வளர்த்து, எருவும் தாராளமாகப் போட்டவர். ஆனால் ஊறிக் கிடக்கும் மண்ணில் போடும் எரு வீண் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். முதலில் வடிகால், பிறகுதான் மற்றதெல்லாம்.

ஒரு வயலில் லாபம் பார்த்ததும் அடுத்த வயல், பிறகு அதற்கடுத்தது என்று நகர்ந்தார். நிலமும் பெருகியது. மொத்தம் 320 ஏக்கரில் அவர் பதித்த ஓடுகளின் நீளம் சுமார் 72 மைல், அதாவது 116 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் சராசரியாக 37 அடிக்கு ஒரு வரிசை. அத்தனையும் மண்வெட்டியால் தோண்டியது.

சிரித்தவர்கள் கேட்க வந்தார்கள்

முதலில் திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர் பக்கத்துப் பண்ணையின் ஜான் டெலாஃபீல்டு. நியூயார்க் மாநில வேளாண் சங்கத்தின் தலைவர் பொறுப்புக்கும் வந்த செல்வாக்கான மனிதர். 1848-ல் இங்கிலாந்தில் இருந்து ஓடு செய்யும் இயந்திரம் ஒன்றை இறக்குமதி செய்தார். கையால் ஒவ்வொன்றாகச் செய்த காலம் போய், ஓட்டின் விலை இறங்கியது. வசதியானவர்கள் மட்டும் செய்யக்கூடிய வேலை, சாதாரண விவசாயிக்கும் எட்டியது.

1850-ல் ஜான்ஸ்டனின் மகள் மார்கரெட்டைத் திருமணம் செய்துகொண்டார் ராபர்ட் ஸ்வான். அருகில் இருந்த ரோஸ் ஹில் பண்ணையில் குடியேறி, மாமனார் வழியிலேயே மைல் கணக்கில் ஓடு பதித்தார். சில ஆண்டுகளில் அந்தப் பண்ணை மாநில வேளாண் சங்கத்தின் பரிசை வாங்கியது.

ஜான்ஸ்டன் தனக்குத் தெரிந்ததை மூடி மறைக்கவில்லை. விவசாயப் பத்திரிகைகளுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினார். எவ்வளவு செலவு, எவ்வளவு விளைச்சல், எந்த ஆழம் என்று கணக்கோடு சொன்னார். அனுபவம் பேசியதால் படித்தவர்கள் நம்பினார்கள். 1880-ல், 89 வயதில் அவர் இறந்தபோது, ஓட்டு வடிகால் ஒஹாயோ, இண்டியானா, இல்லினாய், அயோவா என்று மேற்கே பரவிக்கொண்டிருந்தது. அங்கேயும் பெரும்பாலும் அதே பனி போட்டுவிட்டுப் போன மண்தான். உலகின் மிகச் செழிப்பான மக்காச்சோளப் பகுதி என்று இன்று பேர் வாங்கிய மண்டலம், இந்த வடிகால் இல்லாமல் இப்படி உருவாகியிருக்காது.

இதற்குக் கொடுத்த விலை

கதை இத்தோடு முடிந்திருந்தால் வெறும் வெற்றிக் கதை. ஆனால் இதற்கு வேறு சில பக்கங்களும் உண்டு.

ஜான்ஸ்டன் வாங்கிய நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது அல்ல. அந்த ஏரிக் கரைகள் செனிகா, கயூகா பூர்வகுடி மக்களின் தாயகம். 1779-ல், அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, ஜெனரல் சல்லிவனின் படை அவர்களுடைய ஊர்களையும் சோள வயல்களையும் பழத்தோட்டங்களையும் எரித்தது. அதன் பிறகே அந்த நிலம் குடியேறிகளின் கைக்கு வந்தது.

அடுத்தது தண்ணீர். ஓரளவு ஈரமான வயலுக்குக் கண்டுபிடித்த மருந்தை, பிறகு சதுப்பு நிலங்களின் மேலும் பிரயோகித்தார்கள். அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த அமெரிக்காவில், குடியேற்றக் காலத்தில் இருந்த ஈரநிலங்களில் பாதிக்கும் மேல் 1980-களுக்குள் காணாமல் போனது. அதற்குப் பெரிய காரணம் விவசாய வடிகால். பறவைகள் போயின, வெள்ளத்தை உறிஞ்சிக்கொள்ளும் இடங்களும் போயின.

குழாயில் தண்ணீர் மட்டும் ஓடுவதில்லை. உரத்தில் இருந்து கரைந்த நைட்ரேட்டும் பாஸ்பரஸும் கூடவே போகின்றன. வடிகால் வயல்களின் நைட்ரேட் மிசிசிப்பி ஆறு வழியாக மெக்சிகோ வளைகுடாவை அடைந்து, ஒவ்வொரு கோடையிலும் மீன்கள் மூச்சுவிட முடியாத பகுதியை உருவாக்குகிறது. 2014 ஆகஸ்டில் ஒஹாயோவின் டொலீடோ நகரத்தில் சுமார் 4 லட்சம் பேர் சில நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். ஈரி ஏரியில் பாசி பெருகி நச்சு கலந்ததுதான் காரணம். அந்தப் பாசிக்குத் தீனி போட்ட பாஸ்பரஸில் பெரும்பங்கு, ஒரு காலத்தில் சதுப்பாக இருந்து வடிகட்டப்பட்ட வயல்களில் இருந்து வந்தது.

ஜான்ஸ்டன் காலத்தில் ரசாயன உரப் பயன்பாடு இன்றைய அளவுக்கு இல்லை. இந்தப் பழியை அவர் தலையில் கட்ட முடியாது. ஆனால் அவர் திறந்துவிட்ட வழியில்தான் இவையும் பயணிக்கின்றன.

இப்போது நிலைமை என்ன?

1960-களுக்குப் பிறகு சுட்ட மண் ஓட்டின் இடத்தைப் பிளாஸ்டிக் குழாய் பிடித்துவிட்டது. ஆனாலும் அமெரிக்க விவசாயிகள் அதை இன்னமும் டைல் என்றே சொல்கிறார்கள். ஓடு என்ற பழைய பெயர் விட்டுப்போகவில்லை.

ஈரநிலத்தை வடித்துப் பயிர் செய்பவர்களுக்கு அரசு சலுகைகள் கிடையாது என்று 1985-ல் சட்டம் வந்தது. குழாயின் வாயில் பலகை அடைப்பு வைத்து, பயிர் இல்லாத மாதங்களில் தண்ணீரை வயலிலேயே நிறுத்தி வைக்கும் முறையும் நடைமுறையில் இருக்கிறது. இன்னொரு முறையில், மரச் சில்லுகள் நிரப்பிய குழி வழியாக வடிகால் நீரை விடுகிறார்கள். அங்கே உள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக மாற்றிவிடும். ஊறிய வயலில் ஜான்ஸ்டனின் நைட்ரஜனைத் திருடிய அதே வேலையை, இங்கே நல்லதற்காகச் செய்ய வைக்கிறார்கள்.

செனிகா ஏரிக்கு மேலே ஜான்ஸ்டன் வாழ்ந்த வீடு இன்னும் இருக்கிறது. இப்போது அது வடிகால் ஓடுகளுக்கான அருங்காட்சியகம். பல நாடுகளில், பல காலங்களில் செய்த நூற்றுக்கணக்கான ஓடுகள் அங்கே வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. புதைத்து வைப்பதற்கென்றே செய்த பொருளைக் கண்ணால் பார்க்க அதுதான் இடம்.